மின்தடைக்கு முன் எச்.பி.எல்.சி. சீக்வென்ஸை நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். எச்.பி.எல்.சி. (உயர் செயல்திறன் திரவ நிறப்பிரிகை, கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) கருவியில், மாத்திரை அஸே (மருந்தின் அளவைக் கணிக்கும் சோதனை) ஒன்றுக்கு 60 இன்ஜெக்‌ஷன் (கருவிக்குள் ஒரு கரைசலைச் செலுத்தி ஓட்டுவது) கொண்ட சீக்வென்ஸ் (தானாக ஓடும் வரிசை). ஒவ்வொன்றும் 15 நிமிடம். 150 × 4.6 மி.மீ. சி18 பிரிப்புக் குழாய் (பொருள்களைப் பிரிக்கும் துகள்கள் நிரப்பியது; இனி ‘குழாய்’ என்றால் இதுதான்), மொபைல் ஃபேஸாக (குழாய் வழியே ஓடும் கரைப்பான் கலவை) பாஸ்பேட் பஃபரும் (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) அசிட்டோநைட்ரைலும் 60:40, நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டம், ஓவன் 40 டிகிரி. இரவு 8 மணிக்குத் தொடங்குகிறீர்கள். மறுநாள் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்தம். உங்கள் யு.பி.எஸ். அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எட்டரைக்கு நிறுத்தி வைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ஏதாவது கெடுமா என்பது கேள்வி. டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். கருவிக்கும் இதே விதிதானா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கருவியும் பிரிப்புக் குழாயும் பத்திரமாக இருக்குமா என்பது ஒன்று. நிறுத்தத்துக்குப் பிறகு வரும் எண்களை நம்பலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு விடை எளிது: ஒழுங்காகக் கழுவி நிறுத்தினால் ஐந்து மணி நேரத்தில் எதுவும் கெடாது. இரண்டாவதுதான் கடினம். கருவி நல்லபடியாக மறுபடி ஓடத் தொடங்கியதாலேயே முடிவும் செல்லுபடியாகும் என்று ஆகாது. மென்பொருளில் ‘தொடர்’ என்ற பொத்தான் இருந்தாலும், வேதியியல் கண்ணோட்டத்தில் அது புதிய தொடக்கம்தான். தகுதியை மறுபடியும் நிரூபித்தாக வேண்டும்.

பொத்தானைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு கணக்கு. 15 நிமிடம் என்பது குரோமட்டோகிராமின் (டிடெக்டர் வரையும் வரைபடம்) நீளம் மட்டுமே. ஊசி கழுவுவது, உறிஞ்சுவது, கருவி தயாராவது எல்லாம் சேர்த்து ஒரு இன்ஜெக்‌ஷனுக்கு 16 நிமிடம் என்று வையுங்கள் (உங்கள் கருவியில் அடுத்தடுத்த இரண்டு இன்ஜெக்‌ஷன்களின் தொடக்க நேரத்தைக் கழித்தால் சரியான எண் கிடைக்கும்). 60 இன்ஜெக்‌ஷனுக்கு 960 நிமிடம், அதாவது 16 மணி நேரம். ஆக, நீங்கள் நினைத்தபடி 11 மணிக்கு அல்ல, நண்பகல் 12 மணிக்குத்தான் முடியும். மொபைல் ஃபேஸும் 960 மி.லி. செலவாகும். தொடக்கத்தில் பர்ஜ் செய்வதும் (வழிகளில் உள்ள காற்றையும் பழைய கரைப்பானையும் வெளியேற்றுவது) சமநிலைக்கு ஓட்டுவதும், பாட்டில் அடியில் வடிகட்டிக்குக் கீழே எட்டாமல் நிற்பதும் சேர்ந்தால் 1.1 லிட்டரைத் தொடும். 1 லிட்டர் பாட்டிலோடு தொடங்கியிருந்தால், மின்சாரம் போகாவிட்டாலும் கடைசிச் சில இன்ஜெக்‌ஷன்களில் பம்ப் காற்றை இழுத்திருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்தே மிக எளிய தீர்வும் வருகிறது. மாலை 4 மணிக்குத் தொடங்கினால் காலை 8 மணிக்கு முடிந்துவிடும், கழுவுவதற்கு ஒரு மணி நேரம் கையில் இருக்கும். முடியுமென்றால் இதைத்தான் செய்யுங்கள். இடைநிறுத்தம் தவிர்க்க முடியாதபோது கையாளவேண்டிய வழி. வேலையை வசதிப்படுத்திக்கொள்ளும் வழியாக அதைப் பழக்கிக்கொள்ள வேண்டாம்.

தவிர்க்க முடியாது என்றால், எங்கே நிறுத்துவது என்பதை நேரம் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். சீக்வென்ஸின் அமைப்பைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். உங்கள் 60-இல் ஒரு பிளாங்க் (மருந்து இல்லாத வெறும் கரைசல்), ஐந்து ஸ்டாண்டர்டு (மருந்தின் அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்), அதன்பின் எட்டு சாம்பிளுக்கு ஒரு ஸ்டாண்டர்டு என ஆறு தொகுதிகள் இருப்பதாகக் கொள்கிறேன்; 6-ம் 54-ம் சேர்ந்து 60. அப்படியானால் தொகுதிகள் மூடும் இடங்கள் 15, 24, 33, 42, 51, 60. இரவு 8 மணிக்குத் தொடங்கினால் காலை 8.16-க்கு 46 முடிந்திருக்கும். அங்கே நிறுத்தினால் 43 முதல் 46 வரையிலான நான்கு சாம்பிள்களுக்கு முன்னால் ஸ்டாண்டர்டு இருக்கிறது, பின்னால் இல்லை. அவற்றை மூடவேண்டிய ஸ்டாண்டர்டு ஏறத்தாழ ஏழு மணி நேரம் கழித்து, குளிர்ந்து மறுபடி சூடான குழாயில், அணைந்து எரிந்த விளக்கில் வரும். இடையில் விலகல் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காகத்தான் இருபுறமும் ஸ்டாண்டர்டு வைக்கிறோம். இங்கே அந்தக் காரணமே இல்லாமல் போகிறது. 42-ஆவது முடிந்ததும், காலை 7.12-க்கு நிறுத்துவதே சரியான இடம். ஒரு மணி நேரம் வீணாவது போலத் தோன்றினாலும், அந்த ஒரு மணி நேரத்தில்தான் கழுவும் வேலை நடக்கப்போகிறது.

அடுத்த கணக்கைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கருவியை நிறுத்தலாம், கரைசலின் வயதை நிறுத்த முடியாது. சாம்பிள் கரைசல்களை மாலை 6 மணிக்குத் தயாரித்தீர்கள் என்று கொள்வோம். மின்சாரம் 2 மணிக்கு வந்து, கருவி நிலைபெற 3 மணி ஆகி, பிளாங்கும் ஐந்து ஸ்டாண்டர்டும் 4.36 வரை ஓடி, மீதமுள்ள 18 இன்ஜெக்‌ஷன்கள் 4 மணி 48 நிமிடம் எடுத்தால், கடைசி சாம்பிள் இரவு 9 மணிக்கு மேல் போகும். தயாரித்து 27 மணி நேரம் ஆகியிருக்கும். உங்கள் முறைச் சரிபார்ப்பில் கரைசல் நிலைப்பு (கரைசல் கெடாமல் இருக்கும் காலம்) 24 மணி நேரம் என்று இருந்தால், அந்தச் சாம்பிள்கள் செல்லாது. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 24 மணி நேரம் ஆட்டோசாம்ப்ளரில் (குப்பிகளிலிருந்து தானாக எடுத்துச் செலுத்தும் பகுதி) 10 டிகிரியில் நிரூபிக்கப்பட்டிருக்கும். மின்சாரம் இல்லாத ஐந்து மணி நேரத்தில் உள்ளே வெப்பம் அறை அளவுக்கு ஏறியிருக்கும், அதற்கு உங்கள் தரவு துணைநிற்காது. குப்பிகளை எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வெப்பப் பிரச்சினை தீரும். ஆனால் ஊசி ஏற்கெனவே துளைத்த செப்டம் (குப்பி மூடியின் மெல்லிய அடைப்பு) வழியாக அசிட்டோநைட்ரைல் ஆவியாகிக்கொண்டிருக்கும். புதிய மூடி போட வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். இத்தனையையும் பார்க்கும்போது என் பரிந்துரை, கடைசி இரண்டு தொகுதிகளின் 16 சாம்பிள்களை அன்று இரவு தயாரிக்கவே வேண்டாம் என்பதுதான். 42-ஓடு முதல் சீக்வென்ஸை முடித்துவிடுங்கள். மறுநாள் பிற்பகல் புதுக் கரைசல்களோடு, தனிப் பெயரில், தனி ஸ்டாண்டர்டுகளோடு இரண்டாவது சீக்வென்ஸ் போடுங்கள். வேலை சற்றுக் கூடும், விளக்க வேண்டிய கேள்விகள் வெகுவாகக் குறையும்.

இனி நிறுத்தும் முறை. பெரும்பாலான மென்பொருள்களில் குறைந்தது இரண்டு விதமான நிறுத்தங்கள் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜெக்‌ஷனை முடித்துவிட்டு நிற்பது ஒன்று, அந்த நொடியிலேயே அறுத்து நிற்பது இன்னொன்று. பொத்தான்களின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் ‘ஸ்டாப்’ என்பது இன்னொன்றில் ‘அபார்ட்’ செய்யும் வேலையைச் செய்யும். ஆகவே பெயரை நம்பாமல், வெறும் மொபைல் ஃபேஸ் நிரப்பிய குப்பிகளோடு ஒரு நாள் பகலில் இரண்டையும் அழுத்திப் பார்த்து, எது என்ன செய்கிறது என்பதை எஸ்.ஓ.பி.யில் (ஆய்வகத்தின் எழுத்துமூல நடைமுறை) எழுதிவையுங்கள். உங்களுக்கு வேண்டியது முதல் வகை மட்டுமே.

ஏன் நடுவில் அறுக்கக்கூடாது? பம்ப் நின்றாலும் குழாய்க்குள் இருக்கும் மூலக்கூறுகள் நிற்பதில்லை, பரவிக்கொண்டே இருக்கும். சிறு மூலக்கூறுகளின் பரவல் கெழு நொடிக்கு ஏறத்தாழ 10-இன் அடுக்கு கழித்தல் 5 சதுர செ.மீ.; நிரப்பிய துகள்களின் தடையைக் கணக்கில் எடுத்து அதில் 0.6 பங்கு என்று கொள்ளுங்கள். 10,000 தட்டுகள் (பிரிப்புத் திறனின் அளவு) கொண்ட 150 மி.மீ. குழாயில், வெளியேறும் நிலையில் உள்ள ஒரு பட்டையின் திட்ட விலக்கம் 1.5 மி.மீ. இருக்கும். ஓட்டம் 10 நிமிடம் நின்றால் அது 1.7 ஆகும். ஒரு மணி நேரம் நின்றால் 2.6 ஆகும், பீக்கின் (வரைபடத்தில் அந்தப் பொருள் காட்டும் முகடு) உயரம் ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறையும். பரப்பு பெரிதாக மாறாது என்பதால் ‘அஸேதானே, பரப்பை எடுத்துக்கொள்ளலாமே’ என்று சிலர் வாதிடுவார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. ஓட்டம் நின்றிருந்தபோதும் டிடெக்டரின் கடிகாரம் ஓடியிருக்கும், தக்கநேரம் (பொருள் குழாயிலிருந்து வெளிவர எடுக்கும் நேரம்) அத்தனை நிமிடம் தள்ளிப் போயிருக்கும். பக்கத்தில் ஒரு மாசுப் பீக் இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். நடுவில் நின்ற இன்ஜெக்‌ஷன் செல்லாத இன்ஜெக்‌ஷன்தான், இதில் எனக்கு ஐயமே இல்லை.

இன்ஜெக்‌ஷன்களுக்கு இடையில் நிறுத்தியதும் அடுத்து என்ன செய்வது என்பது, மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. மின்சாரம் இருந்து, ஒன்றிரண்டு மணி நேரக் காத்திருப்பு மட்டும் என்றால் எதையும் கழுவாதீர்கள். ஓட்டத்தை 0.2 மி.லி.க்குக் குறைத்து அதே மொபைல் ஃபேஸை ஓடவிடுங்கள். ஐந்து மணி நேரத்துக்கும் 60 மி.லி. தான் செலவாகும். ஓவன் எரியட்டும். டிடெக்டரின் டியூட்டீரியம் விளக்கையும் அணைக்காதீர்கள். 2,000 மணி நேரம் என்ற அளவில் ஆயுள் கொண்ட விளக்கு அது. சில மணி நேரம் மிச்சப்படுத்த அணைத்து ஏற்றினால், ஒவ்வொரு பற்றவைப்பும் அதன் மின்முனையைத் தேய்க்கும், நிலைபெற இன்னொரு அரை மணி முதல் ஒரு மணி நேரமும் போகும்.

மின்சாரம் போகப்போகிறது என்றால் பஃபரை வெளியேற்ற வேண்டும். இங்கேதான் அவசரத்தில் அதிகச் சேதம் நடக்கிறது. பஃபரிலிருந்து நேராக 100 விழுக்காடு அசிட்டோநைட்ரைலுக்கு மாறக்கூடாது. பொட்டாசியம் பாஸ்பேட் ஏறத்தாழ 70 விழுக்காடு அசிட்டோநைட்ரைலுக்கு மேல் படிகமாக விழத் தொடங்கும். செறிவு கூடினால் அதற்கும் முன்பே விழும். விழும் இடங்கள் பம்பின் கலப்பறை, செக் வால்வு, குழாயின் முகப்பு வடிகட்டி. அப்புறம் அழுத்தம் ஏறியதற்குக் குழாயைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். சரியான வழி, பஃபருக்குப் பதிலாக வெறும் தண்ணீர் வைத்து அதே 60:40 விகிதத்தில் கழுவுவது. இந்தக் குழாயின் உள் வெற்றுக் கனஅளவு ஏறத்தாழ 1.5 மி.லி. நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் 30 நிமிடம் ஓட்டினால் 20 மடங்கு கனஅளவு போய்விடும், உப்பு மிஞ்சாது. அதன்பின் 70 முதல் 80 விழுக்காடு அசிட்டோநைட்ரைலில் 15 நிமிடம். ஆட்டோசாம்ப்ளரின் ஊசி, லூப் (செலுத்தும் சாம்பிள் நிற்கும் சுருள்), வால்வு ஆகியவை இந்த ஓட்டத்தின் பாதையில்தான் இருக்கின்றனவா என்று பாருங்கள். வால்வு பைபாஸ் நிலையில் இருந்தால் பஃபர் லூப்பிலேயே தங்கிவிடும். கழுவும்போது வால்வை ஓரிரு முறை மாற்றிவிடுவது நல்லது. பம்ப் சீலின் பின்புறம் கழுவும் வசதி இருந்தால், 10 விழுக்காடு ஐசோபுரோப்பனால் கலந்த தண்ணீர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். சீலுக்குப் பின்னால் காய்ந்து நிற்கும் உப்புப் படிகம்தான் அடுத்த நாள் பிஸ்டனைக் கீறும். பிறகு ஓவனை அணைத்து, ஓட்டத்தை 1-லிருந்து 0.5, 0.2 என்று இறக்கி நிறுத்துங்கள். இத்தனைக்கும் ஒரு மணி நேரம் போதும்.

ஐந்து மணி நேரம் பஃபரோடேயே விட்டால் குழாய் செத்துவிடுமா என்றால், இதை உறுதியாகச் சொல்ல முடியாது. பி.எச். 3-இல் 20 மில்லிமோலார் பஃபர், 40 விழுக்காடு அசிட்டோநைட்ரைல் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பி.எச். 7-க்கு மேல் போனால் நிலைமை வேறு. பாஸ்பேட் சிலிக்காவைக் கரைக்கும் வேகம் பி.எச்.-ஓடும் வெப்பத்தோடும் ஏறும். 40 டிகிரியிலிருந்து மெல்லக் குளிரும் குழாயில் அது தேவையற்ற தேய்மானம். உங்கள் பஃபரின் பி.எச். எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் கழுவுங்கள் என்றே சொல்கிறேன். விதிவிலக்கு அயனி இணை வினைப்பொருள் (மின்னூட்டமுள்ள பொருள்களைக் குழாயில் தங்கவைக்க உதவுவது) சேர்த்த மொபைல் ஃபேஸ். அதைக் கழுவி எடுத்தால் மறுபடி சமநிலைக்குக் கொண்டுவர வெகுநேரம் பிடிக்கும். அங்கே இடைநிறுத்தத்தையே திட்டத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் நல்லது.

மின்சாரம் திரும்பியதும் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள், வந்த வேகத்தில் போய்வருவது வழக்கம். முதலில் நெட்வொர்க் ஸ்விட்ச்சும் கணினியும், பிறகு கருவியின் பாகங்கள். ஆட்டோசாம்ப்ளர் தன் ஊசியையும் வால்வையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் ஓசை அடங்கும்வரை கட்டளை எதுவும் கொடுக்காதீர்கள். டீகேசர் அணைந்திருந்த நேரத்தில் கரைப்பான்களில் காற்று மறுபடி கரைந்திருக்கும். ஆகவே பர்ஜ் வால்வைத் திறந்து ஒவ்வொரு வழியையும் 3 முதல் 5 மி.லி. வேகத்தில் சில நிமிடம் ஓட்டுங்கள். குழாய்க்குத் திரும்பும் வழியும் போன வழியேதான்: 80 விழுக்காட்டு அசிட்டோநைட்ரைலிலிருந்து முதலில் தண்ணீர் கலந்த 60:40, அதன்பின் பஃபர். ஓட்டத்தை 0.2, 0.5, 1.0 என்று ஏற்றுங்கள். மொபைல் ஃபேஸில் குறைந்தது 10 மடங்கு கனஅளவு, அதாவது 15 மி.லி.; எனக்கு 20 மடங்கு இருந்தால்தான் மனம் ஒப்பும்.

ஓவனின் திரை 40 காட்டுவதை நம்பி உடனே தொடங்கிவிடாதீர்கள். திரை காட்டுவது உலோகத் தகட்டின் வெப்பம், குழாயின் நடுப்பகுதி அந்த வெப்பத்தை எட்ட நேரமாகும். ஒரு டிகிரி வேறுபாட்டுக்குத் தக்கநேரம் 1 முதல் 2 விழுக்காடு நகரும். நிறுத்துவதற்கு முன் குறித்துவைத்த அழுத்தத்தோடு இப்போதைய அழுத்தத்தை ஒப்பிடுங்கள். ஓரிரு விழுக்காடு வித்தியாசம் இயல்பு. 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தால் எங்கோ உப்பு விழுந்திருக்கிறது. குறைந்திருந்தால் கசிவு அல்லது காற்று. (இந்த 10 என்பது என் நடைமுறை அளவு, எந்த விதியிலும் எழுதப்பட்டதல்ல.) பேஸ்லைன் (பீக் இல்லாத இடத்தின் அடிக்கோடு) தட்டையாகும்வரை, விளக்கு ஏற்றி குறைந்தது அரை மணி நேரம் ஆகும்வரை இன்ஜெக்‌ஷன் வேண்டாம்.

மொபைல் ஃபேஸ் தீர்ந்து புதிதாகக் கலக்க நேர்ந்தால் கவனம் தேவை. அசிட்டோநைட்ரைல் அளவில் 1 விழுக்காடு பிசகினால் தக்கக் காரணி (பொருள் குழாயில் எவ்வளவு தங்குகிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 10 விழுக்காடு மாறும். அளவுகுழாயில் கண்மதிப்பாக ஊற்றுகிறவர்களுக்கு இந்தப் பிசகு சாதாரணமாக வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலில் மேலே ஊற்றி நிரப்புவதும் கூடாது. இரண்டு தயாரிப்புகள் கலந்துவிட்டால், எந்த இன்ஜெக்‌ஷன் எந்தத் தயாரிப்பில் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, தகுதியை மறுபடி நிரூபிப்பது. யு.எஸ்.பி. (அமெரிக்க மருந்துத் தர நூல்) 621ஆம் அத்தியாயத்தின்படி, முறையில் வேறாகச் சொல்லப்படாவிட்டால், ஒப்பு திட்ட விலக்க வரம்பு 2.0 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் என்றால் ஐந்து தொடர் இன்ஜெக்‌ஷன்கள், அதற்கு மேல் என்றால் ஆறு. மின்சாரமே போய் வந்த நிலையில் பிளாங்க் ஒன்று, முழு சிஸ்டம் சூட்டபிலிட்டி (கருவியின் தகுதிச் சோதனை) ஒன்று என மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. விளக்கும் ஓவனும் ஓட்டமும் தொடர்ந்திருந்த ஒரு மணி நேர இடைநிறுத்தத்துக்கு, தொகுதியை மூடிய ஸ்டாண்டர்டும் மறுபடி திறக்கும் ஒரு ஸ்டாண்டர்டும் முந்தைய ஐந்தோடு ஒத்துப்போனால் போதும் என்பேன். ஆனால் இது என் கருத்து. ஒன்று போதுமா ஐந்து வேண்டுமா என்று எந்தச் சட்டமும் இடைநிறுத்தத்தைப் பெயர் சொல்லி வரையறுக்கவில்லை. உங்கள் கியூ.ஏ. (தர உறுதிப் பிரிவு) ஒப்புதலோடு எஸ்.ஓ.பி.யில் எழுதியிருப்பதுதான் செல்லும். எழுதப்படவில்லை என்றால் எழுதவைக்க இதுவே தக்க தருணம். கணக்கிடும்போது நிறுத்தத்துக்கு முந்தைய ஸ்டாண்டர்டுகளையும் பிந்தையவற்றையும் ஒரே சராசரியில் போடாதீர்கள். அந்தந்தச் சாம்பிளுக்கு அதனதன் பக்கத்து ஸ்டாண்டர்டு.

பதிவேட்டில் எழுதவேண்டியது: எந்த இன்ஜெக்‌ஷனுக்குப் பின், எத்தனை மணிக்கு, எதற்காக நிறுத்தப்பட்டது, கழுவிய விவரம், அழுத்தம் முன்னும் பின்னும், தொடங்கிய நேரம், யார். அப்போதைக்கப்போதே எழுத வேண்டும். ஆடிட் டிரெயிலில் (மென்பொருள் தானாக வைக்கும் செயல்பதிவு) நிறுத்தம் தானாகவே பதிவாகும், காரணம் பதிவாகாது. காரணமில்லாத நிறுத்தம் ஒன்று, சரியாக வரம்பைத் தாண்டிய ஒரு சாம்பிளுக்குப் பின் வந்திருந்தால், தணிக்கையாளர் என்ன நினைப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. அமெரிக்க எஃப்.டி.ஏ. (உணவு, மருந்து நிர்வாகம்) 2018 டிசம்பரில் வெளியிட்ட தரவு நேர்மை வழிகாட்டுதல் இந்த இடத்தைத்தான் அழுத்திச் சொல்கிறது: உருவான தரவு முழுவதும் பாதுகாக்கப்பட வேண்டும், ஒன்றை விலக்குவதற்கு அறிவியல் காரணம் ஆவணத்தில் இருக்க வேண்டும். திட்டமிட்ட மின்நிறுத்தத்துக்கான இடைநிறுத்தத்தை சீக்வென்ஸ் தொடங்கும் முன்பே பதிவேட்டில் எழுதிவிட்டால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

அறிவிப்பில்லாமல் மின்சாரம் போனால் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கும் ஒருநாள் நேரும். அறுந்துபோன இன்ஜெக்‌ஷனின் அரைகுறைத் தரவை அழிக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். குழாய்க்குள் அந்தச் சாம்பிள் இன்னும் இருக்கிறது. உடனே அடுத்த இன்ஜெக்‌ஷனைப் போட்டால் பழைய பீக் புதிய குரோமட்டோகிராமில் வந்து நிற்கும். மொபைல் ஃபேஸை ஓட்டி, டிடெக்டரைப் பார்த்துக்கொண்டே, அது வெளியேறி பேஸ்லைன் தட்டையான பின் மேலே சொன்ன வரிசையைத் தொடங்குங்கள். 1 மி.லி. குப்பியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் போனதால் அளவுக் குறை ஏதுமில்லை, நிலைப்பு நேரத்துக்குள் இருந்தால் அதே குப்பியிலிருந்து மறுபடி செலுத்தலாம். ஆனால் அந்த முடிவை எஸ்.ஓ.பி. எடுக்க வேண்டும், அரைகுறைக் குரோமட்டோகிராமில் பீக் எப்படி இருந்தது என்று பார்த்த கண் எடுக்கக்கூடாது. கடைசியாக மூடிய தொகுதிக்குப் பிந்தைய சாம்பிள்கள் ஒருபக்க ஸ்டாண்டர்டோடு நிற்கின்றன, அவற்றையும் சேர்த்தே மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்கூட்டியே சரிசெய்து வைக்கவேண்டிய சில அமைப்புகள் உண்டு. பம்பின் கீழ் அழுத்த வரம்பு பல ஆய்வகங்களில் பூஜ்ஜியத்திலேயே கிடக்கிறது. இயக்க அழுத்தம் 120 பார் என்றால் கீழ் வரம்பை 30 பார் என்று வையுங்கள். பாட்டில் காலியானால் காற்று குழாய்க்குள் போகும் முன் பம்ப் தானே நிற்கும். மேல் வரம்பு இயக்க அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருக்கட்டும். மென்பொருளில் தெரியும் பாட்டில் அளவு நீங்கள் தட்டச்சு செய்த எண்ணிலிருந்து கழிக்கும் கணக்கு மட்டுமே, பாட்டிலுக்குள் அது பார்ப்பதில்லை. சீக்வென்ஸின் கடைசி வரியாகக் குறைந்த ஓட்ட முறை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பிழை வந்தால் அடுத்த குப்பிக்குத் தாவ வேண்டுமா, நிற்க வேண்டுமா என்ற அமைப்பை ‘நில்’ என்று வையுங்கள். யு.பி.எஸ். விஷயத்தில், கருவியை மட்டும் அதில் இணைத்துவிட்டு நெட்வொர்க் ஸ்விட்ச்சைச் சுவர் இணைப்பில் விட்டிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளில் கருவி ஓடும், கணினியோடு தொடர்பு அறும், சீக்வென்ஸ் பிழையோடு நிற்கும். இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் கோளாறு, ஒரு பிளக்கை மாற்றினால் தீரும்.

பி.சி.ஆர். கருவிக்கு இதே விதி பொருந்தாது. எச்.பி.எல்.சி.யில் இன்ஜெக்‌ஷனுக்கும் இன்ஜெக்‌ஷனுக்கும் இடையே இயல்பான எல்லை ஒன்று இருக்கிறது, தெர்மல் சைக்ளரில் (பி.சி.ஆர். கருவியில்) 30, 35 சுழற்சிகளும் ஒரே வினை. இடைநிறுத்தும் பொத்தானை அழுத்தினால், பல கருவிகளில் அப்போதிருந்த வெப்பத்திலேயே பிளாக் நின்றுவிடும். அது 95 டிகிரியாக இருந்தால் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதி வேகமாகச் செயலிழக்கும். அந்த வெப்பத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 40 நிமிடம்தான். ஒட்டும் வெப்பத்தில் நின்றால் தவறான இடங்களில் பிரைமர் (படியெடுப்பைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டி நீள வாய்ப்பு தருகிறீர்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் 72 டிகிரி நீட்சிக் கட்டத்தில், ஓரிரு நிமிடம் மட்டும். ஜெல்லில் பட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் வேலைக்கு அது பெரும்பாலும் போதும். அளவறியும் கியூ.பி.சி.ஆர். என்றால் நடுவில் நின்ற ஓட்டத்தைக் கைவிட்டு, புதுத் தட்டில் முதலிலிருந்து தொடங்குங்கள். ஒன்றரை மணி நேர வேலைதான் அது. மின்நிறுத்த நாளில் அதைப் பிற்பகல் 3 மணிக்குப் போட்டுக்கொள்ளலாம்.